நிறுத்திய மூன்றாம் நாள்

(ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மீனவக் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும், அக்கா தங்கச்சிகளுக்கும், நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் சுவரோரமாகவே நிற்கிற அண்ணன்மாருக்கும் வணக்கம்.

குடி உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல நான் வரவில்லை. அதை பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். குடிக்கிறவருக்கும் தெரியும், அவர் வீட்டம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது குடியை நிறுத்துகிற நாட்களைப் பற்றி. அதிலும் முதல் நாலு நாள். குடிக்கிற காலமெல்லாம் திட்டித் தீர்க்கிறோம். நிறுத்துகிற நாலு நாளில் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கவனிக்க மறந்துவிடுகிறோம். அந்த நாலு நாளில் உயிரே போகலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயம் என்று லேபிளில் போட்டிருக்கும். எடையில் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ஆக ஒரு குவாட்டர் முழுசாகக் கரைய ஆறு முதல் எட்டரை மணி நேரம் ஆகும். ராத்திரி பதினொரு மணிக்கு முடித்துவிட்டு விடிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் படகு ஏறுகிறவர், "தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சிடுச்சு" என்பார். முழுசாகத் தெளிந்திருக்காது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற தம்பிகளுக்கும் இதே கணக்குதான்.

சரி, நிறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிற சரக்கு. தினமும் அமுக்கினால் மூளை சும்மா இருக்குமா? எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கயிற்றை விட்டால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் எப்படி விழுவார்கள்? குடியைச் சட்டென்று விட்டதும் மூளைக்கும் அதே கதிதான். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். வேர்வை, வாந்தி, படபடப்பு. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு நாள் தாண்டி நாலாம் நாளுக்குள் வருவது இன்னும் மோசம்: ஆள் யார், நேரம் என்ன, இருக்கிற இடம் எது என்று எதுவும் தெரியாது, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும்.

அந்த நிலையில் இருப்பவரை நீங்கள் வார்டில் பார்க்க வேண்டும். சுவரில் எறும்பு ஊர்கிறது, பல்லி வருகிறது என்பார். பெட்ஷீட்டைக் கையால் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருப்பார். என்னண்ணே செய்றீங்க என்று கேட்டால், "வலை இழுக்கிறேன், தள்ளி நில்லு" என்பார். ஆட்டோ ஓட்டுகிறவர் கட்டிலில் உட்கார்ந்து ஹேண்டில் பாரைத் திருப்புவார். தையல்காரர் இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோப்பார். வாழ்நாளெல்லாம் செய்த வேலையைக் கை தானாகச் செய்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும். வீட்டில் என்ன சொல்வார்கள்? காத்து கருப்பு அடித்துவிட்டது. வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள். தகுந்த நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் இதில் உயிர் போவது அபூர்வம். வேப்பிலையில் ஒரு நாளும் இன்னொரு இடத்தில் ஒரு நாளும் போய்விட்டால் அந்த உத்தரவாதம் கிடையாது.

இதில் நம் ஊருக்கே உரிய சில சங்கதிகள் உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். தவக்காலத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தர்காவுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. எந்த நேர்த்திக்கடனையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வைராக்கியம் மருந்துக் கடையில் கிடைக்காது. ஆனால் காலையில் கண் விழித்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்கிற நிலையில் உள்ளவர், மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். முன்பு எப்போதாவது குடியை விட்டபோது வலிப்பு வந்தவருக்கும் இது பொருந்தும். சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவருக்கு இந்தப் பயம் வேண்டாம், அவர் நாளைக்கே விடலாம். அதைச் சாக்காக வைத்து அடுத்த சனிக்கிழமையைத் தொடங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று கடலில் நடப்பது. விசைப்படகில் போனால் திரும்ப ஒரு வாரம்கூட ஆகும். கையில் இருந்தது முதல் நாளே தீர்ந்துவிட்டால் வலிப்பு வருகிற இரண்டாம் நாள் அவர் நடுக்கடலில் இருப்பார். கூட இருப்பவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வாயில் கரண்டியை வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், விளிம்பிலிருந்தும் இன்ஜின் பக்கத்திலிருந்தும் நகர்த்துங்கள், படகைக் கரைக்குத் திருப்புங்கள். கரையில் நடந்தால் 108.

கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியதிலிருந்து, 1971-இல் தளர்த்தி, 1974-இல் திரும்பக் கொண்டுவந்து, 1981-இல் மறுபடி எடுத்தது வரை மதுவிலக்கு இங்கே போய் வந்த கதை நீளம். 2003-இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்தது. அந்த வாதத்துக்கு வேறு மேடை இருக்கிறது. எனக்கு நினைவுக்கு வருவது 2020 ஊரடங்கு. கடைகள் ஒரே நாளில் மூடின, சென்னையில் ஆகஸ்ட்டில்தான் திறந்தன. வார்னிஷ் குடித்துச் செத்தவர்கள் பற்றி அப்போது செய்தி வந்தது. குடியை விட்டதால் வரும் சிக்கல்களோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஏறியதைப் பெங்களூரில் ஆய்வாகவே எழுதினார்கள். கடையைக் குறைப்பது நல்லதுதான், நானும் ஆதரிக்கிறேன். பக்கத்திலேயே சிகிச்சையும் திறந்திருக்க வேண்டும்.

சிகிச்சை என்ன? முதல் வாரத்தில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குகிற மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டவருக்கு வேறு மாத்திரை, வேறு அளவு. இதை மெடிக்கலில் கேட்டு வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள்.

அப்புறம் தயமின் என்கிற பி1 வைட்டமின். இதில் கொஞ்சம் நிற்கிறேன். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலும் இந்த வைட்டமினைக் குடல் ஒழுங்காக உறிஞ்சுவதில்லை. உடம்பில் இருப்பு சில வாரத்துக்குத்தான். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் போய், "ரொம்ப வீக்கா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்கிறோம். குளுக்கோஸைச் செரிக்க மூளைக்குத் தயமின் வேண்டும். மிச்சம் இருந்ததும் அதில் தீர்ந்துபோனால் கண் ஒரு பக்கம் நிலைகுத்தும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகும், காலையில் சாப்பிட்டது சாயங்காலம் நினைவிருக்காது. தயமின் ஊசியை முன்னாலேயே போட்டால் தடுக்கலாம், அதிக விலையும் இல்லை. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், "தினமும் குடிக்கிறவர்" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மானம் பார்த்து மறைக்க வேண்டாம்.

இனி அந்தச் சுவரொட்டி. "குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கலாம்" என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிறதே, அதுதான். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டர்கள் தருகிற டைசல்ஃபிராம் என்றொரு மாத்திரை உண்டு. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள், தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மது குடித்தபோது முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடத்தது. அப்படித்தான் 1948-இல் அது குடிக்கான மருந்தானது. தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் சாம்பாரில் கலந்தால் அவர் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்து ரத்த அழுத்தம் சரிந்து விழுவார், உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். அக்காமார்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. தயவுசெய்து கலக்காதீர்கள். குடிக்கிற ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் வேறு இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மாத்திரை பாதி, பேச்சு பாதி. அந்தப் பேச்சுக்குப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்று இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. மனநலப் படிப்பே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவு மீறிக் குடிக்கிற ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், மற்றவர்களில் 26 சதவீதம். பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். 2019-இல் வந்த தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது உதவி கிடைத்தது என்கிறது. அந்த நிலைமையில் இது பெரிய வித்தியாசம்தான். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப் பேசக்கூடிய பத்துப் பெண்களை என்னால் காட்ட முடியும்.

எங்கே போவது? ஸ்டான்லி அரசு மருத்துவமனை இங்கிருந்து கூப்பிடு தூரம், மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. அங்கே போனால் பைத்தியம் என்பார்களே என்று தயங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உங்கள் ஆளைக் காப்பாற்றப் போவதில்லை. போனில் கேட்க 14446, இலவசம். தனியார் மையம் என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிப்போட்டு அடிக்கிற இடம் சிகிச்சை மையம் இல்லை, எத்தனை ஆயிரம் வாங்கினாலும். படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வேலை இழப்பு இல்லாமல் வார்டில் படுக்கவும், பிறகு வாரா வாரம் வந்து காட்டவும் அந்த 61 நாள் போதும்.

ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒரு சாவு வீட்டில் மறுபடி தொட்டுவிட்டாரா? மறுபடி கூட்டி வாருங்கள். சர்க்கரை ஏறினால் திரும்பப் போகிறோம் இல்லையா, அப்படித்தான். முதல் நாளே வந்தால் சுலபம், முழுசாகப் பழைய அளவுக்குப் போன பிறகு வந்தால் மறுபடி அந்த நாலு நாள்.

இப்போது கேள்விகளுக்கு வரலாம். கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதி முன்னால் அனுப்புங்கள். பேர் போட வேண்டாம், எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், காலையில் கை நடுங்குகிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள்.