மிசரி: கோடரி போய் சம்மட்டி வந்தது ஏன்?

[திரையில்: பனி மூடிய மலைச்சாலை]

வணக்கம். 'மிசரி' பார்த்த யாரிடமாவது அந்தப் படத்தைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சீக்கிரமே கணுக்காலுக்கு வந்துவிடும். 1990இல் வந்த படம். கட்டிலில் கட்டுண்டு கிடக்கும் நாயகனின் கணுக்காலில் சம்மட்டியால் விழும் அந்த அடி திரையில் தெரிவது ஓரிரு நொடிதான். ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போதே பலர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காட்சி உருவான விதத்தைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். கதை முழுவதையும் சொல்லிவிடுவேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: கவிழ்ந்து கிடக்கும் கார்]

பால் ஷெல்டன் புகழ்பெற்ற நாவலாசிரியர். 'மிசரி' என்ற நாயகியை வைத்து வரிசையாக நாவல்கள் எழுதியவர். கொலராடோ மலையில் பனிப்புயலில் அவருடைய கார் கவிழ்கிறது. ஆனி வில்க்ஸ் என்ற முன்னாள் நர்ஸ் அவரைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அவருடைய தீவிர ரசிகை அவள். புதிதாக வந்த நாவலில் மிசரி செத்துப்போனதைப் படித்ததும் எல்லாம் மாறுகிறது. ஒரு டைப்ரைட்டரை முன்னால் வைத்து, அவளை மறுபடி உயிரோடு கொண்டுவா என்கிறாள். காலொடிந்து கிடக்கும் மனிதர், எழுதாமல் என்ன செய்வார்?

ஸ்டீபன் கிங்கின் மூல நாவல் 1987இல் வந்தது. அதில் ஆனி, பாலின் ஒரு பாதத்தைக் கோடரியால் வெட்டி, காயத்தைத் தீயால் சுட்டு அடைக்கிறாள். திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மேன் இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டதே அந்த அத்தியாயத்துக்காகத்தான். ஆனால் முதலில் இயக்குவதாக இருந்த ஜார்ஜ் ராய் ஹில், அதே காட்சியை எடுக்க மனமில்லாமல் விலகிவிட்டார். அப்புறம் தயாரிப்பாளர்களில் ஒருவரான ராப் ரெய்னர் தானே இயக்க வந்தார்.

நாயகன் கிடைப்பதும் பெரும்பாடாக இருந்தது. முன்னணி நடிகர்கள் ஒவ்வொருவராக மறுத்தார்கள். பாதம் போய்விட்டால் நாயகன் தோற்றவனாகிவிடுவான் என்று நடிகர் வாரன் பேட்டி (Warren Beatty) சுட்டிக்காட்டினார். கடைசியில் படுக்கையிலேயே கிடந்து நடிக்கச் சம்மதித்தவர் ஜேம்ஸ் கான்.

ரெய்னரும் தயாரிப்பாளர் ஆண்டி ஷைன்மேனும் கோடரியை எடுத்துவிட்டுச் சம்மட்டியைக் கொண்டுவந்தார்கள்; ஆனி பாதத்தை வெட்டாமல் கணுக்கால்களை அடித்து உடைக்கிறாள். கோல்ட்மேனுக்குக் கடும் கோபம். படத்தைப் பார்த்த பிறகுதான், அவர்கள் செய்ததே சரி என்று பின்னாளில் எழுதினார். வெட்டியிருந்தால் பார்வையாளர்கள் ஆனியை வெறுத்திருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் படம் எடுத்தவர்களையும் வெறுத்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

இதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று உண்டு. கோடரி வெட்டு எப்படி வலிக்கும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. கணுக்கால் பிசகினால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். படியில் தவறி வைத்த கால் ஒரு நொடி உள்பக்கமாக மடங்கிய நினைவு உடம்பில் எங்கோ இருக்கிறது. சம்மட்டி அந்த நினைவைத்தான் தட்டுகிறது. நடப்பது பாலுக்கு, ஆனால் கூசுவது நம் கால்.

[திரையில்: கட்டில், இரண்டு கணுக்காலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை]

அடிக்கு முன்னால் நடப்பதையும் கவனியுங்கள். ஆனி கத்தவில்லை. கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் வைரம் திருடிய தொழிலாளிகளைத் தப்பவிடாமலும், அதே சமயம் வேலை செய்யும்படியும் எப்படி முடமாக்கினார்கள் என்று நிதானமாகக் கதை சொல்கிறாள். பேசிக்கொண்டே மரக்கட்டையைச் செருகுகிறாள். ஊசி போடுவதற்கு முன் பேச்சுக்கொடுக்கும் நர்ஸின் அதே குரல். என்ன வரப்போகிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகும் அவள் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். அந்தக் காத்திருப்பில்தான் முழு வலியும் இருக்கிறது.

சிறைபிடிப்புக் கதைகளில் பார்வையாளரைக் கட்டிப்போடுவது வன்முறையை விட இந்தக் காத்திருப்புதான் என்று நினைக்கிறேன். அதற்கு இதே படத்தில் இன்னும் நல்ல உதாரணம் ஒரு பீங்கான் பெங்குவின். ஆனி வெளியே போன நேரத்தில் பால் ஹேர்பின்னால் பூட்டைத் திறந்து, சக்கர நாற்காலியில் வீட்டைச் சுற்றுகிறார். மேஜையில் இடித்து பெங்குவின் பொம்மை விழப்போகிறது, பிடித்துவிடுகிறார். ஆனால் திருப்பி வைக்கும்போது திசை மாறிவிடுகிறது. பாலுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அந்தப் பெங்குவின் எப்போதும் தெற்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று ஆனி பின்னால் சொல்லும்போது, நாமும் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது.

சரி, ஆனி மீது நமக்கு வெறுப்பு மட்டும்தானா? இல்லை. அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறோம். கெட்ட வார்த்தை அவளுக்குப் பிடிக்காது, குழந்தைகள் மாதிரி திட்டுகிறாள். சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த தொடர் படத்தைப் பற்றி ஒரு இடத்தில் கொதிக்கிறாள். போன வாரம் நாயகன் காரோடு பள்ளத்தில் விழுந்தான், இந்த வாரம் அவன் முன்பே குதித்துவிட்டதாகக் காட்டினார்கள், அது ஏமாற்று வேலை என்று அன்றே எழுந்து நின்று கத்தினாளாம். அவள் சொல்வது நியாயம்தானே! தொடர்கதை படிக்கிற எவருக்கும் அந்தக் கோபம் தெரியும். அந்த நிமிடம் நாம் அவள் பக்கம் நிற்கிறோம். மழை பெய்யும் நாளில், தன்னை பால் ஒருநாளும் நேசிக்கப்போவதில்லை என்று உடைந்துபோய்ப் பேசுவாள். கையில் துப்பாக்கி இருக்கும். பரிதாபமும் பயமும் ஒன்றையொன்று விடாது.

இதையெல்லாம் ஒரே முகத்தில் கொண்டுவந்த கேத்தி பேட்ஸ் நாடக மேடையிலிருந்து வந்தவர். 1991இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. திகில் படத்தில் நடித்து அந்த விருதை வாங்குவது அபூர்வம்.

[திரையில்: ஒரு வீட்டுக்கூடம், பழைய டிவி]

தமிழிலும் இந்தக் கதை வந்திருக்கிறது. 2003இல் பாலு மகேந்திரா எடுத்த 'ஜூலி கணபதி'. சரிதா ஜூலி, ஜெயராம் எழுத்தாளர். இங்கே எழுத்தாளர் எழுதுவது நாவல் அல்ல, டிவி சீரியல். மிகச் சரியான மாற்றம் இது. அன்றைக்கு நம் வீடுகளில் இரவுச் சமையலின் நேரத்தையே சீரியல்தான் முடிவுசெய்தது. ஒரு பாத்திரம் செத்தால் துக்கம் விசாரிப்பது போலப் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பார்வையாளர்களுக்கு ஜூலியின் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கவே வேண்டாம். சரிதாவின் கண்களும் குரலும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. இந்த நடிப்பைப் பற்றி நாம் பேசியது போதாது என்பது என் வருத்தம்.

'மிசரி'யை அடுத்த முறை புதிதாகப் பார்க்கிற ஒருவரோடு உட்கார்ந்தால், சம்மட்டி வரும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், எப்படியும் கையால் மூடியிருப்பார். பெங்குவின் திசை மாறும் நொடியில் பாருங்கள்.