புகார் வந்த அன்றைக்கு ராத்திரி

சேகர குருமார்களே, உபதேசியார்மார்களே, சேகர கமிட்டிப் பெரியவர்களே,

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, சோதனைகளில் வளரும் தலைவர். சோதனை என்றதும் நமக்குச் சிங்கக் கெபியும் அக்கினிச் சூளையும்தான் ஞாபகத்துக்கு வரும். நம்முடைய சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், அது அந்த உருவத்தில் வருவது அபூர்வம். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலையும் கோழியையும் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை முடிந்து மூன்றாவது வாரம், கையெழுத்தில்லாத ஒரு கடிதமாக வரும். ‘ஏலப் பணத்துக்குக் கணக்கு எங்கே?’ என்ற ஒரு வரிதான் அதில் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கஷ்டப்பட்டால் மனுஷன் தானாக முதிர்ந்துவிடுவான் என்று நாம் நம்புகிறோம். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. இருபது வருஷம் சண்டைகளுக்கு நடுவே ஊழியம் செய்து, இருபது வருஷமும் ஒரே தவறைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறு பெரும்பாலும் கடிதம் வந்த அன்றைக்கு ராத்திரியே தொடங்கிவிடுகிறது. யார் எழுதியிருப்பார் என்று நமக்கு வேண்டிய நாலு பேரைக் கூப்பிட்டு யூகிக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் சாடையாக ஒரு வசனம் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், மோசேக்கு விரோதமாக எழும்பின கோராகை இழுக்கிறோம். எதிர்த்துப் பேச வழியில்லாத இடம் பிரசங்க பீடம். அங்கேயிருந்து ஒருவரை அடித்தால், அவரோடு அவருடைய சொந்தபந்தமும் சேர்ந்து பின் பெஞ்சுக்குப் போய்விடும். பிறகு அவர்களை முன்னால் கொண்டுவர வருஷங்கள் ஆகும்.

நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிரபுக்களிடம் பட்ட கடனும் வட்டியும் தாங்காமல் ஜனங்கள் இட்ட கூக்குரலைக் கேட்டு, அதிபதியான நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வருகிறது. அதற்கும் அவர் பிரபுக்களைக் கடிந்துகொள்வதற்கும் நடுவில், தன் மனதிலே ஆலோசனை பண்ணினதாக எழுதியிருக்கிறது. உங்களுக்கும் அந்த ஒரு ராத்திரி வேண்டும். ஒரு தாளை எடுத்து, வந்த புகாரை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். அதன் கீழே மூன்று கோடு போட்டு, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது எது, யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எது, வெறும் மனவருத்தம் எது என்று பிரியுங்கள். மூன்றாவதுதான் பெரும்பாலும் நீளமாக இருக்கும்.

இப்போது ஏலக் கணக்குக்கு வருவோம், கடிதங்கள் பிறக்கிற இடம் அதுதானே. ஒருவர் சேவலை 400 ரூபாய்க்கு எடுக்கிறார். எடுத்த கையோடு சபைக்கே திருப்பிக் கொடுக்கிறார். மறுபடி ஏலம், அடுத்தவர் 350-க்கு எடுக்கிறார். ஒரே சேவல் மூன்று பேர் கைக்குப் போய்விட்டுக் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புக்குப் போகிறது. மைக்கில் கூப்பிடுகிற வேகத்துக்கு எழுதுகிறவரால் எழுத முடியவில்லை. பாதிப்பேர் பணத்தை அப்புறம் தருகிறோம் என்று போய்விடுகிறார்கள். யாரும் திருடாமலே கணக்கு இடிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

இதற்கு வழி சாதாரணமானது. கூப்பிடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர்கள் இரண்டு பேர், தனித்தனி நோட்டில். வரிசை எண், பொருள், எடுத்தவர் பெயர், தொகை, கொடுத்தது, பாக்கி என்று ஆறு பத்தி. திரும்பி வந்த பொருளுக்குப் புது எண். அன்று சாயங்காலமே இரண்டு நோட்டையும் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் மொத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற மூன்று தொகை மட்டும் சொன்னால் போதும். பாக்கிக்காரர்களின் பெயரைப் பலகையில் ஒட்டாதீர்கள். வேலை இல்லாமல் இருக்கிறவரும் அன்றைக்கு உற்சாகத்தில் கையைத் தூக்கியிருப்பார்.

வாராந்திரக் காணிக்கையும் அப்படித்தான். எண்ணுகிறவர்கள் மூன்று பேர், மூன்று குடும்பத்து ஆட்கள். எண்ணுகிற இடமான வெஸ்ட்ரி, அதாவது ஆலயத்தை ஒட்டிய அறை, அதன் கதவு திறந்தே இருக்கட்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று துண்டுச்சீட்டில் எழுதி, அந்தச் சீட்டை மறுநாள் பேங்க் செலானோடு சேர்த்துக் குத்துங்கள். செலவுக்குக் காணிக்கைப் பையிலிருந்தே எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவது வசதிதான், ஆனால் வரவும் செலவும் அதில் சேர்ந்தே மறைந்துவிடும். குருவானவர் எண்ணுகிற மேஜையில் உட்காரவே கூடாது என்பது என் கருத்து. எருசலேமுக்குப் போகிற தர்மப் பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லையே. தன் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதுகிறார், 2 கொரிந்தியர் 8-ல்.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை நமக்கெல்லாம் தெரியும். ஒரு விதவையின் கடன் விவகாரத்தில் தலையிடப் போய், டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதல் முற்றி, நான்கு மாதம் சிறையில் இருந்தார். அது அவரை உடைக்கவில்லை. சிறைக்கு முன்பே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை வெளியே வந்து 1711-ல் முடித்தார். கடைசிக் காலத்தில் அவரை வாட்டியது கோபன்ஹேகனிலிருந்து, தன்னை அனுப்பிய சங்கத்தின் செயலாளரிடமிருந்து வந்த கண்டனங்கள். கட்டடத்துக்கு ஏன் செலவு, ஊழியருக்கு ஏன் இவ்வளவு என்று கேள்வி. கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும் காலம். இங்கேயுள்ள நிலைமை அங்கே தெரியாது, பதில் போவதற்குள் அடுத்த கண்டனம் கிளம்பியிருக்கும். 1719-ல் அவர் இறந்தபோது வயது 36. நமக்கும், நம் சேகரங்களுக்கெல்லாம் மேலே உள்ள டயோசிஸ் ஆபீசுக்கும் நடுவில் சமுத்திரம் இல்லை. கணக்கு, புகாருக்கு முன்னால் போய்ச் சேரலாம்.

கணக்கு சரியாக இருந்தும் வருத்தம் தீராத வீடு ஒன்றிரண்டு இருக்கும். அங்கே நேரில் போங்கள். செயலரையும் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அது விசாரணைக்குழு மாதிரி தெரியும். மத்தேயு 18-ல் முதல் படி, இருவரும் தனித்திருக்கையில் பேசுவது. நாமோ மூன்றாவது படியான சபையில் தொடங்கிவிட்டுப் பின்னோக்கி வருகிறோம். போனால் முதல் அரைமணி நேரம் பதில் சொல்லாதீர்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். ஏலத்தைப் பற்றி ஆரம்பிக்கிறவர், கொஞ்ச நேரத்தில் ஐந்து வருஷத்துக்கு முன் தன் தாயாரின் அடக்க ஆராதனைக்குக் குருவானவர் தாமதமாக வந்ததில் போய் நிற்பார். அப்போது நீங்கள் அந்தச் சேகரத்தில் இல்லாமலே இருந்திருக்கலாம். இருந்தாலும் சபைக்காக நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

புகார் சொன்னவரையே பொறுப்பில் வைப்பதற்கு நமக்கு மனசு வராது. அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க பாஷை பேசினவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அதைக் கவனிக்கத் தெரிந்தெடுத்த ஏழு பேரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த வருஷ ஏலத்துக்கு இரண்டாவது நோட்டை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறபோது இந்த ஏழு பெயரையும் ஒருமுறை வாசியுங்கள்.

களைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். வாரத்தில் ஒரு நாள் போனை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

கடைசியாக, மாற்றல் உத்தரவு வரும்போது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் என்று ரிஜிஸ்டர்களை ஒப்படைக்கிறோம், பாஸ்புக்கும் சாவியும் கொடுக்கிறோம். தீராத புகார்களுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த வீடு, எந்தத் தேதியில் போனீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், எதைச் செய்வதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்ற உங்கள் அபிப்பிராயத்தை மட்டும் எழுத வேண்டாம். வருகிறவர் அந்த வீட்டு வாசலில் முதல் தடவை நிற்கிறவராகவே போய் நிற்கட்டும்.