மே முதல் செப்ரெம்பர் வரை: ஹம்மிங்பேர்ட் தேடி வரும் பின்வளவு

வணக்கம் நேயர்களே. பூந்தேன் குடிக்கும் சின்னஞ்சிறு பறவையான ஹம்மிங்பேர்ட், ரொறன்ரோப் பக்கம் மே மாதத் தொடக்கத்தில் வந்து சேரும். ஏறக்குறைய மூன்று கிராம் எடை, ஆணுக்குக் கழுத்து மாணிக்கச் சிவப்பு. மத்திய அமெரிக்காவரை போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பசியோடுதான் திரும்பி வருகிறது. அந்த வாரத்தில் பின்வளவில் எது பூத்திருக்கிறது? சிவப்பு ஜெரேனியம் வாங்கித் தொங்கவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதில் நிறம்தான் உண்டு, தேன் மிகக் குறைவு.

முதலில் வைக்கவேண்டியது கொலம்பைன் என்ற பூச்செடி. நேர்சரியில் அட்டையைப் பார்த்து வாங்குங்கள்: அக்விலீஜியா கனடென்சிஸ். பக்கத்திலேயே ஐரோப்பிய இனமும் இருக்கும். நம்முடையது வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள், தலைகீழாகத் தொங்கும். பூவின் பின்புறம் ஐந்து குழாய்கள் மேல்நோக்கி நீளும். அவற்றின் நுனிக் குமிழில்தான் தேன். பறவை கீழே மிதந்தபடி அலகை மேலே செருகிக் குடிக்கும். விதையை நவம்பரில் மண்மேல் தூவி, கையால் அழுத்திவிட்டால் போதும், மூடவேண்டாம். அதற்கு வெளிச்சமும் பனிக்காலக் குளிரும் வேண்டும். பைக்கற்றை மே மாதத்தில் உடைத்து விதைத்தால் முளைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஜூலைக்கு பீ பாம், அதாவது மொனார்டா டிடிமா. இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு அடி. நெருக்கி நட்டாலோ வேரடி காய்ந்தாலோ ஆகஸ்டில் இலையெல்லாம் மாத்தூவியதுபோல் பூஞ்சணம் பிடிக்கும்.

அதன்பின் செப்ரெம்பர்வரை கார்டினல் பூ, லொபீலியா கார்டினாலிஸ். என்னைக் கேட்டால் ஒரேயொரு கன்றுக்குத்தான் இடமென்றால் இதையே வையுங்கள். பறவை தெற்கே கிளம்புமுன் கொழுப்புச் சேர்க்கும் காலத்தில் பூப்பது இது. ஈரம் கேட்கும், கூரைப் பீலித் தண்ணீர் இறங்கும் மூலை நல்லது. தாய்ச்செடிக்கு ஆயுள் குறைவு. அடியில் விடும் புது இலைக்கொத்துத்தான் அடுத்த வருடச் செடி. அதன்மேல் மேப்பிள் சருகு மூடிக் கிடந்தால் அழுகிப்போகும். இலையுதிர்காலத்தில் அந்த இடத்தை மட்டும் விலக்கிவிடுங்கள்.

பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். குஞ்சுக்குப் பெரும்பாலும் சிறு பூச்சியும் சிலந்தியும்தான் தீனி. கூட்டை இழுத்துக் கட்டுவதும் சிலந்தி நூலால்தான். ஆகவே வேலியோரத்து வலையைத் தட்டாதீர்கள்.

சீனித் தண்ணீர் வைப்பதானால், ஒரு கோப்பை வெள்ளைச் சீனிக்கு நான்கு கோப்பை தண்ணீர். சாயம், தேன், பழுப்புச் சர்க்கரை எதுவும் சேர்க்கக்கூடாது. கடும் வெயிலில் இரண்டு நாளுக்கொருமுறை கொட்டி, கழுவி, புதிதாக ஊற்றுங்கள். ஒக்ரோபர் முதல் வாரம்வரை தொங்கட்டும். அது பறவையை மறித்து வைக்காது, பகல் குறுகும்போது தானாகவே புறப்படும். பிந்திவரும் இளம் பறவைகளுக்கு வழியில் ஒரு வாய் கிடைக்கும்.