வண்டி நிற்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

'சிற்றூர் ரயில் நிலையம் பிழைப்பது கட்டடத்தைக் காப்பதாலா, ரயில் நிற்பதாலா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணன், பழைய நிலையத்தைப் பூட்டி, வேலி போட்டு, அருங்காட்சியகமாக்க வேண்டும் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். பூட்டின் பெருமையைச் செட்டிநாட்டுக்கே வந்து பேசுகிறாரே, அந்தத் துணிச்சலைப் பாராட்டுகிறேன்!

கானாடுகாத்தானில், பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், சாவி காவல்காரரிடம். காக்கை எச்சத்தில் வந்த அரசம்விதை சுண்ணாம்புக் காரைச் சுவரின் விரிசலில் விழுகிறது. இரண்டு இலை விட்டதும் கிள்ளினால் விரல் வேலை. மூன்று மழை தாண்டிவிட்டால் வேர் உள்ளே இறங்கிவிடும். பிறகு இழுத்தால் செடியோடு செங்கலும் வரும். கடைசியில் அந்த வீட்டுத் தேக்குத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை பேசப்படுகிறது. ஆள் புழங்குகிற வீட்டில் அந்தச் செடிக்கு மூன்றாவது இலை ஏது?

ரயில் நிலையச் சுவரும் அதே காரைதானே! 1930-இல் தென்னிந்திய ரயில்வே புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை பாதை திறந்தது. திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல்... இலங்கைக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் மானாமதுரை வழியாகத் தனுஷ்கோடி சேர்ந்து கப்பலேற முடிந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது, அங்கிருந்து கிளம்பிய கப்பலும் போயிற்று. மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதையும் பிறகு போயிற்று. இத்தனைக்குப் பிறகும் இந்த நிலையங்கள் இருக்கின்றன என்றால், வண்டி வந்துகொண்டிருப்பதால்தான்.

அண்ணன் டோக்கன் வளையத்தை நினைத்து உருகினார். எனக்கும் அது பிடிக்கும். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதையில், பிரம்பு வளையத்தின் தோல்பைக்குள் இருக்கும் டோக்கன், அதாவது முன்னால் பாதை காலி என்பதற்கான அடையாளம், கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியாது. என்ன ஒரு மூளை! அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். திருச்சியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வளையத்தைப் பெட்டியில் வைப்பதற்காக நிலையத்தையே பெட்டியில் வைப்பார்களா?

இயங்கும் நிலையத்தில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசிவிடுவார்கள் என்றும் சொன்னார். நியாயமான பயம். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைக்கும், காரை உதிரும். அப்படியென்றால் சுண்ணாம்பே பூசச் சொல்லிப் போராடுவோம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். கேட்பதற்கு நடைமேடையில் பயணிகள் வேண்டும், அவ்வளவுதான். ஆத்தங்குடித் தரைக்கல்லும் கானாடுகாத்தான் அரண்மனையும் பார்க்க வருகிறவர் காரைக்குடியில் இறங்கிக் கார் தேடாமல் செட்டிநாடு நிலையத்திலேயே இறங்கட்டும். அதற்கேற்ற நேரத்தில் வண்டிகளை நிறுத்தச் சொல்லி மனு எழுதுவோம். முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டாவது கையெழுத்து அண்ணனுடையதாக இருக்கும் என்று நம்பி, இந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று மேடைக்குப் பின்னால் கேட்டேன். பஸ்ஸில் வந்தாராம். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது இதையும் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.