காஸ்ஃபோர்டுக்கு வந்த இறுதிப் போட்டி

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்தைப் பற்றிப் பேசு என்றால் பலரும் நேரே ஐரோப்பாவுக்குப் போய்விடுவார்கள். மான்செஸ்டர், மாட்ரிட் என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. சிட்னி சென்ட்ரலில் வடக்கே போகிற ரயிலில் ஏறினால், ஹாக்ஸ்பரி ஆற்றைத் தாண்டி, வாய் வாய் என்கிற ஊர்ப் பக்கம் தண்ணீர் ஓரமாகவே ஓடிக் கொஞ்ச நேரத்தில் காஸ்ஃபோர்ட் வந்துவிடும். அங்கே இருக்கிற சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் என்ற கிளப்பைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் ஒரே ஒரு சீசன், 2023–24.

அந்த மைதானத்துக்குப் போயிருக்கிறவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மூன்று பக்கம்தான் பார்வையாளர் மாடம். நான்காவது பக்கம் திறந்தவெளி, பனைமரங்கள், அதற்கு அப்பால் படகுகள் நிற்கிற நீர்ப்பரப்பு. ஒரு காலத்தில் மைதானத்து ஓரத்தில் காற்று ஊதிய ராட்சத சாஸ் பாட்டில்கள் வேறு நிற்கும். ஒரு தொழில்முறை கிளப்பின் விளம்பரம் அது! எதிரணி ரசிகர்கள் கேலி செய்து செய்து, கடைசியில் அதுவே இவர்களுக்கு அடையாளமாகிவிட்டது. உசேன் போல்ட் 2018இல் கால்பந்து ஆட வேண்டும் என்று வந்து நின்றாரே, அதுவும் இந்த ஊரில்தான். ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார், ஒப்பந்தம் கைகூடவில்லை, போய்விட்டார். உலகப் பத்திரிகைகள் அன்றைக்குத்தான் காஸ்ஃபோர்ட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியிருக்கும்.

பெரிய நகரம் இல்லை. அந்தக் கரையோர வட்டாரம் முழுவதையும் சேர்த்தாலும் மூன்றரை லட்சம் பேர் அளவில்தான். ஆஸ்திரேலியாவின் மேல்மட்டக் கால்பந்து லீக்கான ஏ லீக் 2005இல் தொடங்கியபோதே சேர்ந்த கிளப். முதல் பயிற்சியாளர் லாரி மெக்கின்னா என்கிற ஸ்காட்லாந்துக்காரர் பின்னால் அந்த ஊருக்கே மேயர் ஆனார் என்றால், கிளப்பும் ஊரும் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காசு கிடையாது. 2016லிருந்து 2020 வரை ஐந்து சீசனில் நான்கு முறை பட்டியலில் கடைசி இடம். இங்கிலாந்தாக இருந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியிருப்பார்கள். ஏ லீக்கில் கீழே தள்ளுவது கிடையாது, அதனால் பிழைத்தார்கள். அந்த விதியைப் பலர் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். மரைனர்ஸ் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

இவர்கள் பிழைக்கும் வழி நாற்றங்கால் போடுகிற வழி. பையன்களை வளர்ப்பது, விற்பது, அந்தக் காசில் அடுத்த பையன்களை வளர்ப்பது. ஆஸ்திரேலிய அணியின் கோல்கீப்பர் மேட் ரயன் அங்கிருந்து போனவர். காரங் குவோல் அங்கிருந்துதான் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெடுக்குப் போனார், 2022 உலகக் கோப்பையிலும் ஆடினார். இப்படி வருடா வருடம் நல்லதையெல்லாம் பிடுங்கிக் கொடுத்துவிட்டு நிற்கிற அணி என்ன ஜெயிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சரி, சீசனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதைக்கு உப்பு இல்லை.

ஏ லீக்கில் இரண்டு பட்டம் உண்டு. சீசன் முழுக்க ஆடி, பட்டியலில் முதலாவதாக வருகிற அணிக்கு ஒன்று. பிறகு முதல் ஆறு அணிகள் தமக்குள் மோதி, இறுதிப் போட்டியில் ஜெயிக்கிற அணிக்கு இன்னொன்று. அந்த இறுதிப் போட்டி எங்கே நடக்கும்? இரண்டு அணிகளில் பட்டியலில் மேலே இருந்த அணியின் சொந்த மைதானத்தில். ஆறேழு மாதம் வியர்வை சிந்தியதற்குக் கிடைக்கிற கூலி அது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: சொந்த மைதானம் என்பது சலுகை இல்லை, கூலி.

2022 டிசம்பரில் லீக்கை நடத்துகிறவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அடுத்த மூன்று வருடத்து இறுதிப் போட்டிகளை, ஆண்கள் பெண்கள் இரண்டையும், சிட்னியிலேயே நடத்துவதாக நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலா அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யார் முதலாவதாக வந்தாலும் சரி, பெர்த் வந்தாலும் சரி, நியூசிலாந்தின் வெலிங்டன் வந்தாலும் சரி, சிட்னிக்கு வா! நாடு முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் எழுந்து வெளியே போவது என்று முடிவு செய்தார்கள். பல ஊர்களில் அமைதியாகத்தான் போனார்கள். மெல்பர்னில் மட்டும் அசிங்கமாகிவிட்டது. டிசம்பர் 17 அன்று, அந்த ஊரின் இரண்டு அணிகளான மெல்பர்ன் சிட்டிக்கும் மெல்பர்ன் விக்டறிக்கும் நடந்த ஆட்டத்தில், களத்துக்குள் பறந்து வந்த தீப்பந்தத்தைச் சிட்டி கோல்கீப்பர் டாம் குளோவர் எடுத்து வெளியே எறிந்தார். உடனே ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. ஒருவன் அவர் முகத்தில் இரும்பு வாளியால் அடித்தான். ஆட்டம் அத்தோடு நின்றது. வாளி எடுத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு ராத்திரியைக் காட்டியே, அமைதியாக எழுந்து போன ஆயிரக்கணக்கானவர்கள் கேட்ட கேள்வியை மூடப் பார்த்தார்கள் பாருங்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2023 இறுதிப் போட்டிக்கு மெல்பர்ன் சிட்டியும் நம் மரைனர்ஸும் வந்தார்கள். பட்டியலில் முதலிடம் சிட்டி. நியாயப்படி மெல்பர்னில் நடந்திருக்க வேண்டும். நடந்தது சிட்னியின் பரமட்டாவில். காஸ்ஃபோர்டிலிருந்து மஞ்சள் சட்டைக்காரர்கள் ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்து நிரப்பிவிட்டார்கள். மரைனர்ஸ் 6–1 என்று ஜெயித்தார்கள், ஜேசன் கம்மிங்ஸ் மூன்று கோல். அன்றைக்கு ஆடிய ஆட்டத்துக்கு எந்த ஊரில் வைத்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்பது வேறு. அந்த அநியாயத்தில் லாபம் பெற்றது என் அணி. அதற்காக அநியாயம் நியாயமாகிவிடாது. சிட்டி ரசிகர்களின் கூலியைப் பிடுங்கித்தான் எங்களுக்கு அந்த மாலை கிடைத்தது.

2023 அக்டோபரில், எதிர்ப்பு தாங்காமல், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பழையபடி, மேலே இருப்பவர் மைதானம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம் காஸ்ஃபோர்டில் நிலைமை என்ன? பட்டம் வென்று கொடுத்த பயிற்சியாளர் நிக் மாண்ட்கோமரி, சீசன் தொடங்கப் போகிற செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் ஹைபர்னியனுக்குப் போய்விட்டார். மூன்று கோல் போட்ட கம்மிங்ஸ் இந்தியாவுக்கு, கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு. பதிலுக்கு மார்க் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் அவசரமாக வந்து சேர்ந்தார். முதல் லீக் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவது, நான்காவது, எல்லாம் தோல்வி. நடப்பு சாம்பியன் பட்டியலின் அடியில்! ரயிலில் பழைய ஆட்கள் "மறுபடி பழைய காலம் வந்துடுச்சு" என்று முனகினார்கள்.

ஐந்தாவதில்தான் ஜெயித்தார்கள், பக்கத்து ஊர் எதிரி நியூகாசில் ஜெட்ஸை. அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. இதன் நடுவே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கோப்பை வேறு. மலேசியா, பாலி, பிலிப்பைன்ஸ், கம்போடியா என்று ஊர் ஊராகப் பறந்து ஆடுவது. மார்ச்சில் நம் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஒடிசா எஃப்சியைக் காஸ்ஃபோர்டில் 4–0 என்று அடித்துவிட்டு, புவனேஸ்வரில் கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். அடுத்து கிர்கிஸ்தான் போய் வந்தார்கள். கிடைத்த விமானத்தில் மாறி மாறிப் பயணம், திரும்பியதும் லீக் ஆட்டம். பெரிய கிளப் என்றால் இரண்டு அணி வைத்திருப்பார்கள். இவர்களிடம் ஒன்றே முக்கால் அணி இருந்திருக்கலாம்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? தற்காப்பில் பிரையன் கால்டாக், வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாட்டுக்காரர். நடுவில் ஜாஷ் நிஸ்பெட், எதிரணி ஆட்களின் தோளுக்குக்கூட எட்டாத உயரம், அந்த வருடம் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். முன்னால் ஆலு குவோல், காரங்கின் அண்ணன், தெற்கு சூடானிலிருந்து அகதிகளாக வந்த குடும்பம்.

கோல் கம்பத்தில் தலைவர் டேனி வுக்கோவிச். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2008இல் இதே மரைனர்ஸ், நியூகாசில் ஜெட்ஸோடு இறுதிப் போட்டி. ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கி, கடைசி நொடிகளில் எல்லோரும் எதிரணி கம்பத்துக்கு ஓடினார்கள், கோல்கீப்பர் வுக்கோவிச்சும் சேர்ந்து. பந்து எதிரணி ஆளின் கையில் பட்டது. பெனால்டி கொடுத்தே ஆக வேண்டும். நடுவர் கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் இந்தப் பையன் நடுவரின் கையைத் தட்டிவிட்டார். மாதக்கணக்கில் தடை, பெய்ஜிங் ஒலிம்பிக்கும் போயிற்று. வயது இருபத்திரண்டுதான். பிறகு எத்தனையோ கிளப், எத்தனையோ நாடு. கடைசியில் 2022இல் ஊருக்கே திரும்பி வந்தார். 2024 சீசனோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். பெனால்டி கிடைத்திருக்க வேண்டும் என்று காஸ்ஃபோர்டில் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். நீங்கள் போனால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், ரயிலை விட்டுவிடுவீர்கள்.

இனி மே மாதம். மே 1, காஸ்ஃபோர்டில் அடிலெய்டோடு, தள்ளிப்போட்டிருந்த லீக் ஆட்டம். வெலிங்டன் 53 புள்ளியோடு முதலிடத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. மரைனர்ஸ் 2–0 என்று ஜெயித்து 55. பட்டியலில் முதலிடம், முதல் பட்டம். கொண்டாட நேரம் எங்கே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓமானுக்குப் போனார்கள். மே 5, மஸ்கட்டில் லெபனானின் அல் அஹெத் அணியோடு ஏஎஃப்சி கோப்பை இறுதி. இங்கே ஆஸ்திரேலியாவில் நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். 84ஆவது நிமிடத்தில் ஆலு குவோல் கோல். 1–0. அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆஸ்திரேலிய அணி. ஐந்து நாளைக்குள் இரண்டு கோப்பை, நடுவில் பாதி உலகம்!

திரும்பி வந்து அரையிறுதியில் சிட்னி எஃப்சியைத் தாண்டினார்கள். மே 25, மெல்பர்ன் விக்டறியோடு இறுதிப் போட்டி. எங்கே? காஸ்ஃபோர்டில்! அந்த ஊரில் ஏ லீக் இறுதிப் போட்டி அதற்கு முன் நடந்ததே இல்லை. அந்தச் சிட்னி ஒப்பந்தம் மட்டும் நின்றிருந்தால், லீக்கில் முதலிடம் பிடித்த அணியும் ரயிலேறித்தான் போயிருக்க வேண்டும். அதனால்தான் சொன்னேன், கூலி என்று. இருபதாயிரத்துக்கு மேல் கூட்டம், மைதானம் கொள்ளவில்லை.

ஆட்டம் சுலபமாகப் போகவில்லை. இடைவேளை முடிந்ததுமே விக்டறியின் ஜேசன் கெரியா கோல் போட்டார். அதற்குப் பிறகு தொண்ணூறு நிமிடம் வரை ஒன்றும் நடக்கவில்லை. கால்கள் போய்விட்டன, அத்தனை விமானம் ஏறி இறங்கிய கால்கள். தொண்ணூறு தாண்டியதும், மாற்று ஆட்டக்காரராக வந்த ரயன் எட்மண்ட்சன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மிகேல் டி பிட்சியோ, பதினெட்டு வயதுப் பையன், இரண்டாவது. கடைசியில் மறுபடி எட்மண்ட்சன். 3–1. மூன்று கோப்பை. வுக்கோவிச் கையுறையைக் கழற்றினார்.

அடுத்த மாதங்களில் வழக்கம்போல நாற்று பறித்தார்கள். நிஸ்பெட் ஸ்காட்லாந்துக்கு, அதே அணியில் ஆடிய பாலார்ட் ஹாலந்துக்கு, ஃபாரல் இங்கிலாந்துக்கு. அடுத்த சீசன் பட்டியலில் எங்கே இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் ஒரு விரல் காட்டுகிறார். பெண்கள் அணியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லீக் தொடங்கிய புதிதில் மரைனர்ஸுக்குப் பெண்கள் அணி இருந்தது. 2010க்குப் பிறகு கலைத்துவிட்டார்கள், காசில்லை என்றுதான். இதே 2023–24இல் திரும்ப ஆரம்பித்தார்கள், பயிற்சியாளர் எமிலி ஹஸ்பண்ட். முதல் வருடமே அரையிறுதி. 2025 மே மாதம் இறுதிப் போட்டி, அதே மெல்பர்ன் விக்டறி, அதுவும் அவர்கள் ஊரில், அவர்கள் மைதானத்தில், அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி. அங்கே போய் 1–1, பெனால்டியில் 5–4 என்று ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.