ஈசிஜி நார்மல், ஆனாலும் பயம் போகவில்லையா? சிபிடி வேலை செய்யும் விதம்

வணக்கம்.

ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும். ஈசிஜி எடுப்பார்கள், நார்மல். மறுநாள் எக்கோ, அதுவும் நார்மல். "கேஸா இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் மனசு ஆரம்பிக்கும்: "அவங்க சரியா பார்க்கலையோ? அடுத்த தடவை நிஜமாவே ஹார்ட் அட்டாக்கா இருந்தா?"

தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்பில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகும் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அது பேனிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று வந்து தாக்கும் கடும் பயமாக, இருக்கலாம். அதற்கு நன்றாகவே வேலை செய்கிற ஒரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று பலவற்றுக்கும் இதைத் தருகிறார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் பேனிக்கில் தெரிகிற அளவுக்கு வேறெதிலும் பளிச்சென்று தெரியாது. அதனால் இந்த வீடியோ முழுக்க அதையே வைத்துப் பார்ப்போம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்" என்று தன்முனைப்புப் பேச்சாளர்கள் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கெட்ட எண்ணத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நல்ல எண்ணத்தை நடும் வேலை இங்கே நடப்பதில்லை. வந்த எண்ணம் உண்மையா என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனையும் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து முடிகிற காரியம் இல்லை.

(திரையில்: பிலடெல்பியா, ஆரன் பெக்கின் படம்)

இது எங்கே ஆரம்பித்தது? அமெரிக்காவில், பிலடெல்பியாவில். ஆரன் பெக் அங்கே மனநல மருத்துவர், உளவியல் முன்னோடி ஃபிராய்டின் வழியில் பயிற்சி எடுத்தவர். மனச்சோர்வு என்பது அடுத்தவர் மேல் இருக்கும் கோபம் தன் மேலேயே திரும்புவது என்று அந்த வழியில் வந்தவர்கள் நம்பினார்கள். அதை நிரூபித்துக் காட்டலாம் என்றுதான் பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய ஆரம்பித்தார். கோபம் கொட்டிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது என்னவோ தோல்வியும் இழப்பும் ஏமாற்றமும்தான்.

அப்புறம் ஒரு நாள், ஒரு பெண் அவரிடம் தன் அந்தரங்க விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்பப் பதற்றமாக இருந்தார். பேசும் விஷயம் அப்படி, அதனால்தான் பதற்றம் என்று பெக் நினைத்தார். உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தபோது, "நான் பேசுறது உங்களுக்குப் போரடிக்குதோன்னு தோணுது" என்கிற மாதிரி பதில் வந்தது. வாய் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, அடியில் இன்னொரு பேச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. பதற்றம் வருவது அந்த அடிப்பேச்சால். இப்படித் தானாக வரும் எண்ணங்களைப் பிடித்து எழுதி, சோதித்துப் பார்ப்பதுதான் பிறகு பெக்கின் சிகிச்சை ஆனது. 100 வயது வரை வாழ்ந்து 2021-ல் இறந்தார்.

நியூயார்க்கில் அதே காலத்தில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரும் தனியாக இதே மாதிரி முடிவுக்கு வந்தார். அவர் கதை இன்னும் வேடிக்கை. 19 வயதில் பெண்களிடம் பேசவே நடுங்குவாராம். அங்கேயுள்ள பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போய்ப் பேசியே தீருவது என்று தனக்குத்தானே ஒரு வேலை கொடுத்துக்கொண்டார். அவர் சொன்ன கணக்குப்படி 100 பேரிடம் பேசினார். சந்திக்க ஒப்புக்கொண்டது ஒரே ஒருவர், அவரும் வரவில்லை! ஆனால் பேசினால் என்னமோ ஆகிவிடும் என்று பயந்தது எதுவும் நடக்கவில்லை. பயம் போய்விட்டது. (இந்தக் காலத்தில் யாரும் இதைப் பார்க்கில் முயற்சி செய்ய வேண்டாம், ப்ளீஸ்.)

சரி, பேனிக்குக்கு வருவோம்.

(திரையில்: வட்டமாகச் சுற்றும் அம்புக்குறிகள்)

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். மாடிப்படி ஏறியதாலோ, ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்ததாலோ இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. பெரும்பாலானவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஒருவருக்கு மட்டும் "ஹார்ட் அட்டாக்" என்று தோன்றுகிறது. தோன்றிய உடனே அட்ரீனலின் பாய்கிறது, துடிப்பு இன்னும் எகிறுகிறது. மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். அதனால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். "பார்த்தியா, கை மரத்துப்போச்சு, அட்டாக்கேதான்" என்று பயம் இரண்டு மடங்காகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும்.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி எழும். ஐம்பது தடவை இப்படி வந்து, ஐம்பது தடவையும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பயம் தானாகவே தெளிந்திருக்க வேண்டாமா?

கிளார்க்கோடு வேலை செய்த பால் சால்கோவ்ஸ்கிஸ் இதற்குப் பதில் கண்டுபிடித்தார். எனக்கு சிபிடியிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் தப்பிக்க ஏதோ ஒன்று செய்திருப்பார். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட், கையில் தண்ணீர் பாட்டில், டாக்டர் எழுதித் தராமலேயே சட்டைப்பையில் ஒரு சார்பிட்ரேட் (இதய நோயாளிகள் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை). படபடப்பு வந்தால் உடனே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவது. உயிர் பிழைத்ததற்குக் காரணம் இதெல்லாம்தான் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. "நல்லவேளை, தண்ணி குடிச்சேன்." உண்மையில் ஆபத்தே இல்லை என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதனால்தான் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று எத்தனை டாக்டர்கள் சொன்னாலும் எடுபடுவதில்லை. சிகிச்சையாளர் அப்படிச் சொல்லிச் சமாதானம் செய்ய மாட்டார். ஒரு தாளை நீட்டி, "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க, எழுதுங்க. எத்தனை சதவீதம் நம்புறீங்க?" என்பார். "மயங்கி விழுவேன், 90" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த அறையிலேயே, இருவரும் சேர்ந்து ஓரிரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடுவார்கள். கிறுகிறுப்பு வரும், விரல் மரக்கும், நெஞ்சு அடிக்கும். பஸ்ஸில் வந்த அத்தனையும் வரும். ஆனால் விழ மாட்டார். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பயத்தில் அது ஏறத்தான் செய்கிறது. ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. இப்போது அந்த 90-ஐ அடித்துவிட்டு 50 என்று எழுதுவார். (ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் சிகிச்சையாளர் கூட இருக்கும்போது மட்டும்.)

மீதி 50 வெளியே போய்த்தான் குறைய வேண்டும். வீட்டுப்பாடம் தருவார்கள்: பாட்டில் இல்லாமல் பஸ் ஏறுங்கள், நடுவில் உட்காருங்கள், படபடப்பு வந்தால் கம்பியை விட்டுவிடுங்கள், இறங்காதீர்கள். ஏறும் முன் கணிப்பை எழுதுங்கள், இறங்கிய பின் நடந்ததை எழுதுங்கள். கஷ்டமான வேலைதான், முதல் வாரம் பலர் செய்யாமலேயே வந்து நிற்பார்கள். எதனால் செய்ய முடியவில்லை, அப்போது என்ன எண்ணம் வந்தது என்று அதையும் எடுத்துப் பேசுவார்கள்.

எல்லாக் கவலையும் தப்பான எண்ணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார் என்ற கவலையோ, அடிக்கும் கணவர் மேல் உள்ள பயமோ சோதித்துப் பார்த்தால் உண்மை என்றுதான் தெரியவரும். அங்கே மாற வேண்டியது நிலைமை. அதைவிட்டுவிட்டு எண்ணத்தை மாற்றச் சொல்கிறவரிடம் நான் போக மாட்டேன். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் சேர்ந்தே தேவைப்படலாம். சாப்பிடும் மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இது படித்த, பணமுள்ள நகரத்து ஆட்களுக்கான சிகிச்சை என்று ஒரு பேச்சு உண்டு. பாகிஸ்தானில், ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மானின் குழு இதை எளிமையாக்கி, வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வில் இருந்த தாய்மாரோடு அவர்கள் படங்களை வைத்துப் பேசினார்கள். மனநோய் என்ற பேச்சையே எடுக்காமல், குழந்தையின் நலம் என்று சொன்னதால் மாமியார்களும் தடுக்கவில்லை. குழந்தைக்கு 6 மாதமானபோது, இந்தச் சிகிச்சை பெற்ற தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது.

இங்கே யாரிடம் போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போனால் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: சுமாராக எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? ஒவ்வொரு வாரமும் வீட்டில் செய்ய என்ன தருவீர்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், வேறு ஆளைப் பாருங்கள்.