பொலோனியாவின் பெருமை மாணவர்களுக்கே உரியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே! இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தின் பெருமைக்குப் பெரிதும் காரணம் ஆசிரியர்களா, மாணவர்களா என்ற வழக்கில், மாணவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

1088ஆம் ஆண்டில் இர்னேரியுஸ் என்னும் அறிஞர் ரோமானியச் சட்டம் கற்பிக்கத் தொடங்கியதால்தான் அப்பல்கலைக்கழகமே பிறந்தது என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அந்த 1088, கவிஞர் கார்துச்சி தலைமையிலான ஒரு குழு 19ஆம் நூற்றாண்டில் கூடிக் குறித்துக்கொடுத்த ஆண்டு. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுக்க அது வசதியாகவும் இருந்தது! இர்னேரியுஸ் பேரறிஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறிஞர் ஒருவரைச் சுற்றி மாணவர் கூடுவது அக்கால ஐரோப்பாவில் புதிதன்று. அவருக்குப் பின்னும் அந்தக் கூட்டம் கலையாமல் நிலைத்ததுதான் புதிது. நிலைக்க வைத்தவர்கள் யார்?

ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் இத்தாலியின் பிற ஊர்களிலிருந்தும் வந்த மாணவர்கள் பொலோனியாவில் அயலார்; நகரக் குடிகளுக்கு இருந்த பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஒருவன் கடன்பட்டு ஓடிவிட்டால், அவனுடைய நாட்டைச் சேர்ந்த இன்னொருவனைப் பிடித்து வசூலிக்கும் வழக்கமும் இருந்தது. பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓர் ஆணையால் இதைத் தடுத்தார் என்பது உண்மையே. ஆனாலும் அரசாணையை மட்டும் நம்பியிராமல், மாணவர்கள் நாடுவாரியாகச் சங்கம் சேர்ந்து, தம்முள் ஒருவரையே ரெக்டராக, அதாவது சங்கத் தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த மாணவ ரெக்டருக்குக் கீழ்ப்படிவதாக ஆசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது, நடுவர் அவர்களே! பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினால் அபராதம். மணி அடித்த பிறகும் நீட்டினால் அபராதம். கடினமான பகுதியைத் தாண்டிச் சென்றால் அபராதம். சட்ட நூல்களைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆசிரியர் ஒரு நாள் ஊரைவிட்டுப் போவதற்கும் மாணவரிடம் விடுப்புக் கேட்க வேண்டும். (எதிரணியில் பேராசிரியர்கள் சிலர் அமர்ந்திருப்பதைக் கண்டு இதை மெல்லத்தான் சொல்கிறேன்.)

இந்த வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அவர்கள் கொடுத்த கட்டணத்தில் ஆசிரியர்களும், வாடகையில் வீட்டுக்காரர்களும் வாழ்ந்தார்கள். மாணவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினால் நகரத்தின் வருவாயே போய்விடும். அந்த அச்சத்தில்தான், வேறு ஊரில் கற்பிக்க மாட்டோம் என்று ஆசிரியர்களிடம் நகராட்சி சத்தியம் வாங்கியது. அப்படியும் 1222இல் மாணவர்களும் ஆசிரியர்கள் சிலரும் வெளியேறிப் பாதுவாவுக்குச் சென்றார்கள். இன்றும் புகழோடு விளங்கும் பாதுவா பல்கலைக்கழகம் அப்படித்தான் உருவாயிற்று.

தேர்வு நடத்திப் பட்டம் பெறத் தகுதியுடையவரைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆசிரியர் கையில்தானே இருந்தது என்று எதிரணியினர் கேட்டது நல்ல கேள்வி. இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பட்டத்தை நாடி வர ஆளில்லாத ஊரில் தேர்வு நடத்தி என்ன பயன்? பிற்காலத்தில் நகரமே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் மாணவர் அதிகாரம் தேய்ந்தது என்பதும் மெய்தான். அப்போதும் ஆசிரியர்கள் வேறொரு முதலாளியின் கீழ் வந்தார்களே தவிர, தாமே தலைமை ஏற்கவில்லை.

1563இல் திறக்கப்பட்ட ஆர்க்கிஜின்னாசியோ என்னும் பல்கலைக்கழக மாளிகைக்குச் செல்வோர், சுவர்களிலும் கூரை வளைவுகளிலும் ஏறத்தாழ ஆறாயிரம் மாணவர்களின் குலச் சின்னங்களை இன்றும் காணலாம். ஆசிரியர்களுக்கும் அங்கே நினைவுக் கல்வெட்டுகள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. மாணவர் அதிகாரம் மங்கிய காலத்தில் எழுந்த கட்டடத்திலேயே இத்தனை ஆயிரம் மாணவர் சின்னங்கள் ஏன் இடம்பெற்றன என்பதற்கு, அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் விடை சொல்லட்டும்.